உகந்தது யாருக்கு? – ஆலைகளைச் சமன்பாடாக்கிய கதை

லண்டனுக்கு வரும் உறவினர்களை நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடங்களில் தெற்குக் கென்சிங்டனும் ஒன்று. குழந்தைகளுக்கு டைனோசர் காட்ட இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், பக்கத்திலேயே அறிவியல் அருங்காட்சியகம், சாலையைக் கடந்தால் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம். இந்த மூன்றையும் பார்த்து முடிப்பதற்குள் கால் வலித்துவிடும் என்பதால், அறிவியல் அருங்காட்சியகத்தை ஒட்டி இருக்கும் இம்பீரியல் கல்லூரியை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. ஆனால் உரம், பெட்ரோல், மாத்திரை, சர்க்கரை என்று நம் வீட்டுக்குள் வரும் பல பொருள்களைச் செய்யும் ஆலைகள் இன்று வடிவமைக்கப்படும் முறைக்கு அந்தக் கல்லூரியின் வேதிப்பொறியியல் துறைக்குப் பெரும் கடன் உண்டு. ஆலையைக் கட்டுவதற்கு முன்பே அதைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்ப்பதும், அப்படி ஓட்டிப் பார்த்துச் சிறந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு தனித் துறையாக வளர்ந்த முக்கியமான இடங்களில் அதுவும் ஒன்று.

இத்துறையில் படித்து, சமன்பாடு எழுதியே பல ஆண்டுகள் சம்பளம் வாங்கியவன் நான். என்ன வேலை என்று ஊரில் கேட்டால் ஒரு வரியில் சொல்ல வராது. இலக்கிய ஆர்வமுள்ள நண்பர்களுக்குக் கணக்கு என்றாலே ஒரு தயக்கம் இருப்பதையும் அறிவேன். ஆகவே ஒரு சொல்லிலிருந்து தொடங்குகிறேன்.

ஆங்கிலத்தில் ஆப்டிமைசேஷன் என்பதை நம்மவர் உகப்பாக்கம் என்று தமிழாக்கியிருக்கிறார்கள். யார் இதை முதலில் ஆண்டாரோ, நல்ல தேர்வு. தொல்காப்பியத்தின் உரியியல் உகப்பு என்ற சொல்லுக்கு உயர்தல் என்று பொருள் சொல்கிறது. பிற்காலத்தில் அதே சொல் மகிழ்ச்சியையும் விருப்பத்தையும் குறித்தது. உயரமும் விருப்பமும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிட்டன. கணக்கில் நாம் தேடுவதும் அதுதான்: நாம் விரும்பும் ஒன்றின் மிக உயர்ந்த இடம். இன்னொன்றையும் கவனியுங்கள். உகந்தது என்று சொன்னவுடன் தமிழ்க் காது யாருக்கு என்று கேட்கும். முருகனுக்கு உகந்த நாள், உடலுக்கு உகந்த உணவு என்று நான்காம் வேற்றுமையோடுதான் அந்தச் சொல் வரும். ஆங்கிலச் சொல்லில் இந்தக் கேள்வி ஒளிந்துகொள்கிறது. இக்கட்டுரை முழுவதும் அந்தக் கேள்வியைப் பற்றியதுதான்.

கொப்பரையிலிருந்து மாதிரி வரை

முதலில் மாதிரி என்றால் என்ன என்று பார்ப்போம். ஆலை என்ற தமிழ்ச் சொல் பழங்காலத்தில் கரும்பு ஆட்டும் இடத்தைக் குறித்தது. ஆகவே சர்க்கரையையே எடுத்துக்கொள்வோம்.

வெல்லம் காய்ச்சுபவர் திறந்த கொப்பரையில் கருப்பஞ்சாற்றை ஊற்றி, தண்ணீர் வற்றும் வரை கொதிக்க விடுகிறார். இதில் இரண்டு நட்டங்கள். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,257 கிலோ ஜூல் வெப்பம் வேண்டும். அது அத்தனையும் ஆவியோடு வானத்துக்குப் போய்விடுகிறது. மற்றொன்று, சாறு கெட்டியாகும்போது சூடு ஏறி, சர்க்கரை சிதைந்து நிறம் கறுக்கிறது. வெல்லத்துக்கு அந்த நிறம் அழகு, வெள்ளைச் சர்க்கரை விற்பவருக்கு அது நட்டம்.

இரண்டாவது நட்டத்துக்கு விடை கண்டவர் எட்வர்ட் சார்லஸ் ஹோவர்ட் என்ற ஆங்கிலேயர். 1813-ல் அவர் காப்புரிமை பெற்ற வெற்றிடக் கொப்பரையில், மூடிய கலனிலிருந்து காற்றை உறிஞ்சி அழுத்தத்தைக் குறைத்தார்கள். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் 100 பாகைக்கு முன்பே கொதிக்கும் என்பது மலை மேல் பருப்பு வேகாத கதை அறிந்தவர்களுக்குத் தெரியும். முதலாவது நட்டத்துக்கு விடை கண்டவர் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த நார்பர்ட் ரில்லியூ. கறுப்பினத் தாய்க்குப் பிறந்தவர். 1843-லும் 1846-லும் காப்புரிமை பெற்றார். அவர் யோசனை எளியது. முதல் கலனில் எழும் ஆவியை வீணாக விடாமல், அதைக் கொண்டே இரண்டாவது கலனைச் சூடாக்கு. இரண்டாவதில் எழும் ஆவியைக் கொண்டு மூன்றாவதை. ஒவ்வொரு கலனிலும் அழுத்தம் முந்தையதைவிடக் குறைவாக இருந்தால் போதும், குறைந்த சூட்டிலும் சாறு கொதிக்கும். ஒரு கிலோ நீராவியைக் கொண்டு மூன்று கலன்களில் ஏறத்தாழ மூன்று கிலோ தண்ணீரை வெளியேற்றலாம். நெல்லிக்குப்பத்துக் கரும்புச் சாறும் உலகின் மற்றச் சாறுகளும் இன்று இப்படித்தான் கெட்டியாகின்றன.

இப்போது ஒரு கேள்வி. மூன்று கலன் நல்லது என்றால் பத்துக் கலன் இன்னும் நல்லதல்லவா? இங்கேதான் மாதிரி உதவுகிறது. நாம் எழுத வேண்டிய சமன்பாடுகள் மிகச் சில. உள்ளே போன தண்ணீர், வெளியே வந்த தண்ணீருக்குச் சமம். உள்ளே போன சர்க்கரை, வெளியே வந்த சர்க்கரைக்குச் சமம். கொடுத்த வெப்பம், பெற்ற வெப்பத்துக்குச் சமம். இவை மூன்றும் வரவு செலவுக் கணக்கு. மளிகைக் கடை நோட்டுக்கும் இவற்றுக்கும் வேறுபாடில்லை. நான்காவது மட்டும் சற்று வேறு. வெப்பம் பாயும் வேகம், தகட்டின் பரப்பையும் இரு பக்கத்து வெப்பநிலை வித்தியாசத்தையும் பொறுத்தது.

நீராவி 115 பாகை, கடைசிக் கலன் 55 பாகை என்று வைத்துக்கொள்வோம். கையில் இருக்கும் மொத்த வித்தியாசம் 60 பாகை. ஒரே கலன் என்றால் 60-ம் அதற்கே. மூன்று என்றால் ஆளுக்கு 20, நான்கு என்றால் 15. மூன்று கலன்களில் ஒவ்வொன்றுக்கும் வேலை மூன்றில் ஒரு பங்குதான், ஆனால் வெப்பநிலை வித்தியாசமும் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. ஆகவே ஒவ்வொரு கலனுக்கும் முழு அளவுத் தகடு வேண்டும். கலன்கள் கூடக் கூட எரிபொருள் செலவு வகுத்துக் குறைகிறது, கட்டும் செலவு பெருகிக் கூடுகிறது.

ஓர் உதாரணக் கணக்கு. ஒற்றைக் கலனுக்கு ஆண்டு எரிபொருள் செலவு 90 லட்சம், ஒவ்வொரு கலனுக்கும் ஆண்டுக்குக் கட்டுமானச் செலவு 10 லட்சம் என்று கொள்வோம். இரண்டு கலன் என்றால் 45-ம் 20-ம் சேர்ந்து 65 லட்சம். மூன்று என்றால் 30-ம் 30-ம் சேர்ந்து 60. நான்கு என்றால் 22.5-ம் 40-ம் சேர்ந்து 62.5. ஆக மூன்றுதான் உகந்தது. பத்துக் கலன் கட்டினால் எரிபொருளுக்கு 9 லட்சம்தான், கலனுக்கோ ஒரு கோடி. மாதிரி, உகப்பு இரண்டும் இவ்வளவுதான். மற்றதெல்லாம் அளவு.

கோழியும் முட்டையும்

அந்த அளவுதான் சிக்கல். ஒரு பெரிய ஆலையில் கலன்கள் நூற்றுக்கணக்கில் இருக்கும். சமன்பாடுகள் பல்லாயிரம், சில வேளை லட்சங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. உரத்துக்கான அம்மோனியாவை எடுத்துக்கொள்ளுங்கள். நைட்ரஜனும் ஹைட்ரஜனும் வினைகலனை ஒரு முறை கடக்கும்போது 15 சதவீதம் அளவுக்கே அம்மோனியா ஆகின்றன. மிச்சத்தைத் தூக்கி எறிய முடியாது. அம்மோனியாவைக் குளிர்வித்துப் பிரித்துவிட்டு, மீதி வாயுவை மறுபடி வினைகலனின் வாசலுக்கே திருப்பி அனுப்புவார்கள்.

இதைக் கணக்கிடப் போனால் கோழியா முட்டையா என்ற கதை ஆகிவிடும். வினைகலனிலிருந்து என்ன வரும் என்று அறிய, உள்ளே என்ன போகிறது என்று தெரிய வேண்டும். உள்ளே போவதில் பெரும்பகுதி, வெளியே வந்து திரும்பியதுதான். பழைய பொறியாளர்கள் ஓர் ஊகத்தில் தொடங்கி, கலன் கலனாகக் கணக்கிட்டுச் சுற்றி வந்து, ஊகத்தோடு விடை பொருந்துகிறதா என்று பார்த்து, பொருந்தாவிட்டால் திருத்தி மீண்டும் சுற்றுவார்கள். ஒரு ஆலையில் இத்தகைய சுற்றுகள் பல இருந்து, அவை ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடந்தால் எந்த இடத்தில் ஊகிப்பது, எந்த வரிசையில் கணக்கிடுவது என்பதே பெரும் புதிர்.

இந்தப் புதிரைக் கையில் எடுத்தவர் ரோஜர் சார்ஜென்ட் (1926–2018). இம்பீரியலில் படித்து, 1950-களில் பாரிஸில் ஏர் லிக்விட் நிறுவனத்தில் பணியாற்றினார். காற்றைக் கடுங்குளிரில் திரவமாக்கி ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் பிரிக்கும் ஆலைகளைக் கட்டும் நிறுவனம் அது. அத்தகைய ஆலையில் ஒரு பக்கத்துக் குளிரை இன்னொரு பக்கம் பயன்படுத்தாவிட்டால் கட்டுப்படியாகாது. எல்லாம் எல்லாவற்றோடும் பிணைந்திருக்கும். 1958-ல் அவர் லண்டனுக்குத் திரும்பினார். 1964-ல் தம் மாணவர் ஆர்தர் வெஸ்டர்பெர்க்குடன் சேர்ந்து, ஆலையின் வரைபடத்தைக் கொடுத்தால் எந்தக் கலன்களைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும், எங்கே சுற்றை வெட்டி ஊகிக்க வேண்டும் என்று கணினியே முடிவு செய்யும் முறையை வெளியிட்டார். ஸ்பீட்அப் என்பது அந்த நிரலின் பெயர்.

அதன் பிறகு அவர் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. கலன் கலனாகச் சுற்றுவதே எதற்கு? எல்லாச் சமன்பாடுகளையும் ஒரே குவியலாக எழுதி, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தீர்த்தால் என்ன? பத்தாயிரம் சமன்பாடுகளை ஒன்றாகத் தீர்ப்பது நடவாத காரியம் என்று தோன்றும். ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு. பத்தாயிரம் பேர் வாழும் ஊரில் ஒருவருக்கு நெருங்கிய உறவு பத்துப் பேர்தான். அதுபோல ஒவ்வொரு சமன்பாட்டிலும் மாறிகள் ஐந்தோ பத்தோதான் இருக்கும். பெரிய அட்டவணையில் பெரும்பாலான கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைச் சேமிக்காமலும் பெருக்காமலும் விட்டுவிடத் தெரிந்தால், கணக்கு கைக்குள் அடங்கிவிடும். அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1976-ல் தொடங்கிய ஆஸ்பென் திட்டம் கலன் கலனாகப் போகும் வழியில் பெரும் வெற்றி கண்டது. லண்டன் வழி, எல்லாவற்றையும் ஒன்றாகத் தீர்க்கும் வழி.

1989-ல் இம்பீரியலும் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியும் இணைந்த செயல்முறை அமைப்புப் பொறியியல் மையம் உருவானது. 1990-களில் அங்கே ஜிப்ரோம்ஸ் என்ற மென்பொருள் பிறந்தது. பால் பார்ட்டன், கான்ஸ்டன்டினோஸ் பான்டலைட்ஸ் ஆகியோரின் ஆய்வு அதற்கு அடிப்படை. ஆலை சீராக ஓடும் நிலையை மட்டுமல்ல, அதைத் தொடங்குவது, நிறுத்துவது, வால்வு திறப்பது மூடுவது ஆகிய திடீர் மாற்றங்களையும் ஒரே மாதிரிக்குள் எழுத அது வழி செய்தது. 1997-ல் அதற்கென ஒரு நிறுவனம் கல்லூரியிலிருந்து பிரிந்து உருவானது. 2007-ல் பிரிட்டிஷ் பொறியியலின் பெரும் பரிசான மக்ராபர்ட் விருதைப் பெற்றது. 2019-ல் சீமென்ஸ் அதை வாங்கியது.

கயிறு கட்டிய ஆடு

சமன்பாடு எழுதியாயிற்று, தீர்த்தாயிற்று. இனி சிறந்ததைத் தேட வேண்டும். 1947-ல் ஜார்ஜ் டான்ட்சிக் என்ற அமெரிக்கர், வரம்புகளுக்கு உட்பட்டுச் சிறந்த விடையைத் தேடும் ஒரு முறையைக் கண்டார். 1952-லேயே அதை விமானப் பெட்ரோல் கலவைக்குப் பயன்படுத்திக் கட்டுரை வந்துவிட்டது. எந்தக் கச்சா எண்ணெயை எவ்வளவு வாங்குவது, எதை எதோடு கலப்பது என்பதை உலகின் சுத்திகரிப்பு ஆலைகள் இன்றும் அந்த வழியில்தான் கணக்கிடுகின்றன.

இந்தக் கணக்குகளைப் போட்டவர் அனைவரும் சீக்கிரமே ஒன்றைக் கண்டுகொள்வார்கள். உகந்த விடை பெரும்பாலும் வெளியின் நடுவில் இருப்பதில்லை, வேலியோரத்தில் இருக்கிறது. முளையில் கட்டிய ஆட்டைப் பாருங்கள். அருகில் உள்ள புல்லை மேய்ந்த பிறகு, கயிறு எவ்வளவு நீளுமோ அவ்வளவு தூரம் போய், கழுத்து இறுகும் இடத்தில் நின்று எட்டி மேயும். கணினியும் அப்படித்தான். குழாய் தாங்கும் அழுத்தம் 20 என்று எழுதினால், விடை 20-ல் போய் நிற்கும். புகையில் அனுமதிக்கப்பட்ட கந்தகம் இவ்வளவு என்றால், சரியாக அவ்வளவு வெளியேற்றும் விடைதான் வரும்.

நம் சர்க்கரைக் கணக்குக்குத் திரும்புவோம். கலன்கள் மூன்று என்பது நடுவெளியில் கிடைத்த விடை. ஆனால் 115 பாகை என்று நாம் போட்டது ஒரு வேலி. நீராவியை 130 பாகைக்கு ஏற்றினால் மொத்த வித்தியாசம் 75 ஆகும். தகட்டின் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு குறையும். கலனுக்கு 10 லட்சம் 8 ஆகும். மூன்று கலனுக்கு 30-ம் 24-ம் சேர்ந்து 54 லட்சம்தான். 15 பாகைக்கு 6 லட்சம் மிச்சம், அதாவது பாகைக்கு 40,000 ரூபாய். பொருளியலில் இதை நிழல் விலை என்பார்கள். வேலியை ஓரடி நகர்த்தினால் எவ்வளவு லாபம் என்பதற்கான எண் அது. உகப்பாக்க மென்பொருள்கள் விடையோடு கூடவே ஒவ்வொரு வேலிக்கும் இந்த விலையைப் பட்டியலிட்டுக் கொடுத்துவிடும்.

இந்த இடத்தில்தான் நண்பர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சூடு கூடினால் சர்க்கரை சிதையும் என்பதை நாம் சமன்பாடாக எழுதவில்லை, வேலியாக மட்டுமே வைத்தோம். வேலியை நகர்த்தினால் வரும் லாபம் காகிதத்தில் 40,000 என்று தெளிவாக இருக்கிறது. நகர்த்தாமல் இருந்தால் காப்பாற்றப்படும் சர்க்கரை எந்தக் காகிதத்திலும் இல்லை. பட்டியலைப் பார்க்கும் மேலாளர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. அவர் கண்ணுக்கு ஒரு பக்கம் எண், மறு பக்கம் வெறுமை. எந்தப் பக்கம் மனம் சாயும் என்று சொல்ல வேண்டுமா?

மாதிரிக்குள் வராதவை

சர்க்கரை கறுத்தால் பணம் போகும். வேறு இடங்களில் உயிர் போகும்.

1974 ஜூன் 1-ம் தேதி, லண்டனுக்கு வடக்கே லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஃபிளிக்ஸ்பரோ என்ற ஊரில், நைலானுக்கான மூலப்பொருள் செய்த ஆலை வெடித்து 28 பேர் இறந்தார்கள். வரிசையாக ஆறு வினைகலன்கள். ஐந்தாவதில் விரிசல் கண்டதால் அதை அகற்றி, நான்காவதையும் ஆறாவதையும் ஒரு தற்காலிகக் குழாயால் இணைத்து உற்பத்தியைத் தொடர்ந்தார்கள். அந்தக் குழாய்க்கு முறையான வடிவமைப்புக் கணக்கு எதுவும் போடப்படவில்லை. பட்டறைத் தரையில் சாக்குக்கட்டியால் வரைந்த படம்தான் அதன் ஒரே வரைபடம் என்று விசாரணையில் தெரியவந்தது. ஆலையின் இரசாயனம் மாறவில்லை, வரவு செலவும் ஏறத்தாழ அப்படியேதான் இருந்தது. மாதிரி அறியாத குழாய்தான் பிய்த்துக்கொண்டது.

பத்தாண்டு கழித்து போபால். மீத்தைல் ஐசோசயனேட் என்ற நச்சுத் திரவத்தைப் பூஜ்யம் பாகை அளவில் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய குளிரூட்டும் அமைப்பு, 1984 டிசம்பரில் விபத்து நடந்தபோது பல மாதங்களாக நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. கசியும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் அன்று வேலை செய்யும் நிலையில் இல்லை. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அங்கே யாரும் கணினியில் உகப்பு தேடியதாக நான் சொல்லவில்லை. ஆனால் ஓடாத குளிரூட்டி மிச்சப்படுத்தும் பணம் கணக்கில் தெரியும், ஓடும் குளிரூட்டி தடுத்த விபத்து எந்தக் கணக்கிலும் தெரியாது. கணினி இல்லாமலும் மனிதர் வேலிகளை இப்படித்தான் நகர்த்துகிறார்கள்.

எட்ட நின்று மேய்தல்

இத்துறையினர் இதை அறியாதவர்கள் அல்லர். லண்டனில் கெண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும், இந்த ஊர்க் குழாய்நீரில் உள்ள சுண்ணாம்பு சில வாரங்களிலேயே அடியில் வெள்ளையாகப் படிந்துவிடும். படிந்தால் வெப்பம் மெதுவாகத்தான் ஏறும். ஆலைத் தகடுகளிலும் இப்படிப் படிகிறது. நான்காவது சமன்பாட்டில் நாம் போட்ட எண் இன்று ஒன்று, மூன்று மாதம் கழித்து வேறொன்று. பழைய பொறியாளர்கள் இதற்கு அஞ்சி, கணக்கில் வந்த பரப்போடு கால் பங்கு கூட்டிக் கட்டுவார்கள். ஏன் கால் பங்கு? பெரியவர்கள் அப்படிச் செய்தார்கள் என்பதுதான் விடை.

சார்ஜென்ட்டும் அவர் மாணவர் இக்னேசியோ கிராஸ்மனும் 1978-ல் வெளியிட்ட கட்டுரை இதற்கு ஒழுங்கான வழி சொன்னது. எண் எதுவென்று தெரியாவிட்டாலும், அது எந்த எல்லைகளுக்குள் இருக்கும் என்று தெரியுமல்லவா? அந்த எல்லைக்குள் எது வந்தாலும் வேலியைத் தாண்டாத ஆலைகளில் மலிவானதைத் தேடு என்றார்கள். ஆட்டின் கயிற்றைச் சுருக்குவது போன்றது இது. காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஆடு பக்கத்து வயலில் விழாத அளவுக்கு முளையை உள்ளே நகர்த்தி அடிப்பது. இதற்கு விலை உண்டு, அந்த விலையையும் கணக்கிடலாம். கணக்கிட்ட பிறகு, பாதுகாப்புக்கு இவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்தே கொடுக்கலாம். கிராஸ்மனும் வெஸ்டர்பெர்க்கும் பின்னர் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இத்துறையை வளர்த்தார்கள். உலகெங்கும் இதைக் கற்பிப்பவர்களில் பலர் சார்ஜென்ட்டின் மாணவருக்கு மாணவர்கள்.

நம்மவரின் பங்கும் இந்தப் பக்கத்தில்தான் அதிகம் என்பது எனக்கு மகிழ்ச்சி. மானிகள் பொய் சொல்லும். உள்ளே 100 டன் போனது, வெளியே 103 டன் வந்தது என்று காட்டும். எந்த மானியை எவ்வளவு நம்புவது என்று வரவு செலவுச் சமன்பாடுகளைக் கொண்டே தீர்ப்புச் சொல்லும் கலை குறித்து, சென்னை ஐஐடியின் சங்கர் நரசிம்மன் இன்னொருவருடன் இணைந்து எழுதி 2000-ல் வந்த நூல் துறையினர் நன்கு அறிந்தது. சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து அமெரிக்கா சென்ற வெங்கட் வெங்கடசுப்பிரமணியன், ஆலையில் கோளாறு தொடங்கும்போதே மாதிரியைக் கொண்டு அதை இனங்காணும் முறைகளில் முன்னோடி. 2003-ல் அவரும் ரகுநாதன் ரங்கசாமியும் மற்றவர்களும் எழுதிய மூன்று பகுதி ஆய்வுரையைப் படிக்காமல் அத்துறையில் நுழைபவர் இல்லை.

லண்டனும் தூத்துக்குடியும்

கடைசியாக, இரு ஊர்களை இணைக்கும் ஓர் ஆலை. இம்பீரியலின் வேதிப்பொறியியல் துறையில், கரியமில வாயுவைப் பிடிக்கும் ஒரு பயிற்சி ஆலை நான்கு மாடி உயரத்துக்கு நிற்கிறது. 2012-ல் திறந்தார்கள். மாணவர்கள் அதை ஓட்டிப் பழகுகிறார்கள். ஒரு கோபுரத்தில் வாயு மேலே ஏற, அமைன் என்ற கரைசல் கீழே இறங்கும். ஏறத்தாழ 40 பாகையில் கரைசல் கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும், அடுத்த கோபுரத்தில் 120 பாகைக்குச் சூடாக்கினால் விட்டுவிடும். வழக்கமான கரைசலில், ஒரு டன் கரியமில வாயுவைப் பிரிக்க 3.5 முதல் 4 கிகா ஜூல் வரை வெப்பம் வேண்டும். ஒன்றரை டன் தண்ணீரை முழுதும் ஆவியாக்கும் வெப்பம் அது. சூட்டை இன்னும் ஏற்றினால் கரைசல் சிதையும். மறுபடியும் அதே கதை, அதே வேலி.

ஐஐடி கரக்பூரில் படித்த இரு இளைஞர்கள் 2009-ல் தொடங்கி, லண்டனைத் தலைமையிடமாகக் கொண்ட கார்பன் கிளீன் என்ற நிறுவனம், குறைந்த வெப்பம் கேட்கும் கரைசல் ஒன்றை உருவாக்கியது. அது பெரிய அளவில் ஓடிய முதல் இடங்களில் ஒன்று தூத்துக்குடி. அங்குள்ள சோடா உப்பு ஆலையின் நிலக்கரிக் கொதிகலன் புகையிலிருந்து ஆண்டுக்கு 60,000 டன் கரியமில வாயுவைப் பிடித்து, அதையே சோடா உப்பாக்கும் திட்டம். அரசு மானியமில்லாமல் இது நடந்தது என்று 2017 தொடக்கத்தில் உலகப் பத்திரிகைகள் வியந்தன.

மானியம் ஏன் தேவைப்படவில்லை? அந்த ஆலைக்குக் கரியமில வாயு குப்பை அல்ல, மூலப்பொருள். வெளியே வாங்குவதைவிடப் புகையிலிருந்து பிடிப்பது மலிவாக இருந்தால் போதும். ஆலைக்கு உகந்தது வானத்துக்கும் உகந்ததாக அமைந்த நல்ல தருணம் அது. ஆனால் வேலியைச் சற்று அகலமாகப் போட்டுப் பாருங்கள். சோடா உப்பு கண்ணாடித் தொழிற்சாலைக்குப் போனால், உருக்கும்போது அந்தக் கரியமில வாயு மறுபடி காற்றில் கலந்துவிடும். மாதிரியின் எல்லை ஆலை வாசலோடு முடிந்தால் ஒரு விடை, கண்ணாடி உலையையும் சேர்த்தால் இன்னொரு விடை. இரண்டும் சரியான கணக்குகளே. எல்லையை எங்கே போடுவது என்பதைக் கணக்குச் சொல்லாது.

இன்று உகப்பு என்ற சொல் ஆலைகளோடு நிற்பதில்லை. மருத்துவமனைப் படுக்கைகள், பேருந்துத் தடங்கள், நம் வீட்டுக்குப் பொட்டலம் கொண்டுவரும் பையனின் ஓய்வு நேரம் வரை எல்லாவற்றையும் யாரோ சமன்பாடாக எழுதிச் சிறந்ததைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். கணக்குத் தெரியாதவர் அதில் தலையிட முடியாது என்று நினைக்க வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்டால் போதும். இதில் எதை உயர்த்தப் பார்க்கிறீர்கள்? வேலிகளை யார் போட்டது? வேலிக்கு அப்பால் யார் குடியிருக்கிறார்கள்? இவற்றுக்குப் பதில் சொல்ல முடியாத மாதிரியை, அதில் லட்சம் சமன்பாடுகள் இருந்தாலும், நான் முடிந்ததாகக் கொள்வதில்லை.